விலைப்பட்டியலில் ஓர் எழுத்து

மேலூர்க் கல்யாணம் அறுபத்துமூன்று சதவீதத்தில் நின்றுவிட்டது.
மாப்பிள்ளை கையில் தாலி,
பெண்ணின் குனிந்த கழுத்துக்கு நாலு விரல் தூரத்தில்.
பழைய மடிக்கணினி இரைந்து இரைந்து
தானாக அணைந்தது, மூன்றாவது முறை.
வீடியோ எப்ப, வீடியோ எப்ப என்று
பெண்ணின் தாய்மாமன் போனில் கேட்கும்போதெல்லாம்
"ரெண்டு நாள்ல" என்கிறான் முத்திருள்.
படம் பிடிப்பது அவன். வெட்டி ஒட்டுவது நான்.
பொய் சொல்வது முறை வைத்து.

எழுபதாயிரம் சீட்டை ஒன்பது தள்ளி எடுத்தேன்.
காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு என்று
முன்பணம் குறிக்கும் நோட்டின் பின்பக்கத்தில்
ராத்திரி முழுக்கப் பட்டியல்.
ராமைக் கூட்டினால் மானிட்டர் சுருங்குகிறது.
மானிட்டரை இழுத்தால் கேபினெட் வெறுந்தகரமாகிறது.
ஏழு பேருக்கு ஒரே போர்வை,
யாருடைய காலாவது வெளியே.

செல்லூர் என்பதால் இன்னும் இரண்டு கணக்கு.
ஒன்று பஞ்சு.
அடுத்த சுவர் பரமானந்தம் தறிக்கூடம்;
ஜன்னல் திறந்தால் தோசைக்கல்லிலும் நூல்தூசி.
மடிக்கணினியைக் கழற்றியபோது
விசிறிக்குள் ஒரு சின்னத் தலையணை இருந்தது.
அதனால் கண்ணாடி முகமும் கலர் விளக்கும் வேண்டாம்,
வலை வைத்தது போதும்,
கழற்றி அலசிக் கொடியில் காயப்போடுகிற மாதிரி.

இன்னொன்று கரண்ட்.
விடிந்ததும் தறிகள் ஒருசேர எழும்போது
எங்கள் குழல்விளக்கு ஒரு நிமிஷம் யோசிக்கும்.
"எதுல வேணா குறைங்க, பவர் சப்ளைல கை வைக்காதீங்க"
என்றார் மேலமாசி வீதிக் கடையில் அபுதாகிர்.
அதற்கு முன்னால்,
"யாருக்கு? பையனுக்கா? கேம்ஸா?" என்று கேட்டிருந்தார்.
எனக்கு என்றதும்
நாற்காலியில் கிடந்த அட்டைப்பெட்டிகளைக் கீழே இறக்கிவைத்தார்.

ஐ-ஃபைவ் இரண்டு இருந்தது.
ஒரே நம்பர், ஒரே நீலப் பெட்டி,
ஒன்றில் மட்டும் வால்போல ஓர் எஃப்.
அதற்கு இரண்டாயிரம் கம்மி.
அவர் டீ சொல்லப் போயிருந்தார்.
கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.
இரண்டாயிரத்துக்கு எத்தனை ஜிபி என்று ஓடிக்கொண்டிருந்தது மனசு.
பவளக்கொடி, செல்லூர் என்று பில் போட்டான் பையன்.
மொத்தம் அறுபதாயிரத்து எண்ணூறு.
மிச்ச இருநூறு ஆட்டோவுக்கு.

கல்யாண வீட்டு வேலை எல்லாம் முடிந்து
நள்ளிரவுக்கு மேல் பெட்டிகளைப் பிரித்தோம்.
முத்திருள் டார்ச் அடித்தான், படம் பிடிக்கிறவன்,
நிழல் விழாத கோணம் தெரியும்.
முனையில் உள்ள தங்க முக்கோணத்தைப்
போர்டின் முக்கோணத்தோடு சேர்த்து
மூச்சை அடக்கிக்கொண்டு கம்பியை அழுத்தினேன்.
நறநறவென்றது. உடைந்துவிட்டதென்றே நினைத்தேன். இல்லை.
ராம் இரண்டும் சொடக்குப் போட்டு உட்கார்ந்தன.
நாலரை மணிக்குப் பட்டனைத் தொட்டதும்
விசிறிகள் எல்லாம் சுற்றின.
திரை மட்டும் கறுப்பு.

வயரைப் பிடுங்கிச் செருகினேன்.
ராமை இடம் மாற்றினேன். கறுப்பு.
நீலப் பெட்டியின் விலாவில் பொடி எழுத்து:
எஃப் என்றால் படம் காட்டும் பகுதி உள்ளே கிடையாது,
அதற்குத் தனியாக ஒரு கார்டு வேண்டும்.

உயிருமில்லை மெய்யுமில்லை, தனிநிலை என்று
ஆறாம் வகுப்பில் நான் எழுதி
முழு மார்க் வாங்கிய அந்த மூன்று புள்ளி,
எஃப்பின் நடுவில் உட்கார்ந்துகொண்டு
என்னையே பார்த்தது.

"ஓடுதா?" என்றான் அவன், பாதித் தூக்கத்தில்.
"ஓடுது. தெரியலை."

சுவருக்கு அங்கிட்டுத் தறிகள் எழுந்தன.
குழல்விளக்கு யோசித்தது.
பெட்டி அசரவில்லை,
தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.
காதை வைத்துக் கேட்டேன், சத்தமே இல்லை,
நல்ல விசிறிதான்.

ஏழு மணிக்குப் போன்.
மேலூர்.
"ரெண்டு நாள்ல" என்றேன்.
இது என் முறை.