முப்பது நாள் இலவசம்

பைசாந்தூவில் ஜூலை மாதப் பனி
ஆற்றிலிருந்து ஏறிவந்து
இறைச்சி ஆலையின் கூரைத் தகரத்தை
ஒன்பது மணிவரை விடாது.
மாடியறையில் மூன்று பேர், ஒரு ஹீட்டர்.
ஹீட்டர் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்ற வழக்கு
இன்னும் நிலுவையில் இருக்கிறது.

மேலாளர் இபார்புருவிடமிருந்து ஒரே வரி:
மூன்று மென்பொருளையும் ஓட்டிப் பார்த்து
மதிப்பெண் போட்டு அனுப்பு, நெலிதா.

ஓட்டிப் பார்க்க இருப்பது
இருபத்தாறு வருஷத் தரவுத்தளம்.
வாசலுக்குள் நுழைந்த ஒவ்வொரு மாட்டுக்கும் அதில் ஒரு வரி.
காதுவில்லை எண், பண்ணை, எடை,
கடைசிக் கட்டத்தில் ஒற்றை எழுத்து:
உயிரோடிருந்தால் வி
அறுத்தாயிற்றென்றால் எஃப்.

முதல் மென்பொருள் திறக்கவே நாலு நிமிடம்.
திறந்ததும் படம் வரைந்தது:
நானூற்றுப் பன்னிரண்டு டேபிள்கள், நடுவே கோடுகள்,
சிலந்திக்கே தலை சுற்றும்.
வாஷிங்டன் (இங்கே அது ஆள் பேர்தான்)
பதினோரு தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினான்.
மூலையில், எந்தக் கோடும் தொடாமல், ஒரு டேபிள்.
பெயர்: தொடாதே_2.
இத்தனை வருஷமும் நாங்கள் பயந்து தொடாதது.
திறந்தால், பழைய கால்பந்துப் பந்தயக் கணக்கு.
இபார்புரு, நாற்பது பெசோ, பாக்கி.

இரண்டாவது அழகு.
கறுப்புப் பின்னணி, மெல்லிய எழுத்து,
கேட்கும் முன்பே தேடித் தந்துவிடும்.
கட்டத்தின்மேல் கிளிக் செய்தால் போதும், அங்கேயே திருத்தலாம்.
யமாந்தூ இரண்டு நாள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை கீழேயிருந்து போன்.
குளிர்க்கிடங்கு எழுத்தர் தொனா எல்பா:
"கம்ப்யூட்டர்படி உயிரோடிருக்கிற மாடு ஒன்று
என் கொக்கியில் தொங்குகிறது.
லேபிள் அடிக்க மாட்டேன் என்கிறது மெஷின்.
லாரி நிற்கிறது. என்ன செய்ய?"

யமாந்தூ தன் முழங்கையைப் பார்த்தான்.
சோதனைப் பிரதி என்று நாங்கள் நினைத்திருந்த ஜன்னலும்
நிஜமான ஜன்னலும்
ஒரே கறுப்பு, ஒரே மெல்லிய எழுத்து.
நடுவில் ஒரு கேள்வி இல்லை.
ஒரு விசையில் செவ்வாய்க்கிழமை மாடு
எழுந்து நின்றுவிட்டது.

மூன்றாவதைத் திறந்தேன்.
சாம்பல் நிறம். அரசாங்க அலுவலகப் படிவம் போல ஒரு முகம்.
நிஜத் தரவென்றால் ஓரமெல்லாம் சிவப்புக் கோடு.
எண்ணைத் தேடினேன், எஃப் என்று அடித்தேன்.
உடனே ஏற்கவில்லை அது.
ஒரு வரி மாறும். நிச்சயமா?

பதினாறு வருஷமாய் இந்தப் படியேறுகிறேன்.
கீழ்த்தளத்துக் கதவை ஒருமுறைகூடத் திறந்ததில்லை.
வாடை படியேறி வரும், நான் ஜன்னலைச் சாத்துவேன்.
அன்றைக்கு அந்தப் பொத்தான்மேல் விரல்
கொஞ்ச நேரம் நின்றது.
லாரி ஹாரன் அடித்தது.
ஆம்.

"வந்துவிட்டது" என்றாள் தொனா எல்பா. வைத்துவிட்டாள்.

மதிப்பெண் பட்டியலில் நாலு கட்டம் தந்திருந்தார்கள்:
வேகம், தோற்றம், விலை, பயிற்சிக்கு ஆகும் நாள்.
ஐந்தாவதாய் ஒன்று நானே சேர்த்தேன்:
கேட்கிறதா?
மாதிரிப் படிவத்தில் இல்லாததால்
அதை நீக்கிவிட்டதாய் மறுநாள் பதில் வந்தது.
கூட்டிப் பார்த்தால் இரண்டாவதுதான் முதலிடம்.

மறுபடி அனுப்பினேன், அதே ஐந்து கட்டம்.
கூடவே சுவரிலிருந்து உரித்த பதினோராம் தாள்,
மூலை டேபிளைச் சுற்றி பேனாவில் ஒரு வட்டம்.

இன்னும் பதில் இல்லை.
இலவசக் காலம் ஆறு நாள் பாக்கி.
நான் மாத்தே ஊற்ற எழும்போதெல்லாம்
யமாந்தூவின் திரை கறுப்பாகிறது,
ஹீட்டரும் அவன் பக்கம் திரும்பிவிடுகிறது.