பிரிவு பதினேழு

நாற்பத்தாறு பக்கம்.
பிரென்ட் அனுப்பிய ஒப்பந்தத்தில்
முதல் பத்துப் பக்கமும் கல்யாண வீடு:
கூட்டாளிகள், நம்பிக்கை, நெடுங்கால உறவு.
நான் கடைசியிலிருந்துதான் வாசித்தேன்.
முறியும்போது யார் எதை எடுத்துக்கொண்டு போவது என்பது
அங்கேதான் இருக்கும், சின்ன எழுத்தில்.

வினிபெக். தை மாதம். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
எங்கள் குளிர்க்கிடங்குக்குள் மைனஸ் இருபத்தைந்து.
மீன்பெட்டிகள் எங்களைவிடச் சுகமாக இருந்தன.
அவற்றின் சூட்டை, சூடு என்றே வைத்துக்கொள்வோம்,
நிமிடத்துக்கொரு தடவை எண்ணும் கணினியை
இனி வேறெங்கோ இருந்து பார்ப்பார்கள்
என் சம்பளத்தில் மூன்றில் ஒன்றுக்கு.

"உன்னைவிட யாருக்கு இது தெரியும்?
நீயே திருத்திக் கொடு" என்றார் மிசஸ் ஃப்ரீசன்.
அளவெடுக்க வந்தவனுக்கு
நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

'நியாயமான முயற்சி எடுக்கப்படும்.'
யாருடைய நியாயம்? வெட்டினேன்.
'கசிவு தெரியவந்து எழுபத்திரண்டு மணிநேரத்துக்குள்.'
தெரியாதமாதிரி இருந்தால் கடிகாரம் ஓடாதா?
'சந்தேகம் வந்ததிலிருந்து இருபத்துநான்கு' என்று எழுதினேன்.
'தேவைப்பட்டால் துணை ஒப்பந்தக்காரர்':
வாடகைக்கு வந்தவன் உள்வாடகைக்கு விடுகிற கதை.
பெயர், ஊர், எங்கள் கையெழுத்து. இல்லாமல் ஆகாது.
காப்பு தினமும் எடுப்பார்களாம்.
எடுத்ததை ஒருநாளாவது திரும்ப வைத்துப் பார்ப்பார்களா?
வருடம் இரண்டு தடவை, எங்கள் கண்முன்னால்.
நட்டம் வந்தால் பன்னிரண்டு மாதக் கட்டணம்,
அதற்குமேல் ஒரு சதமும் இல்லை என்றான் பிரென்ட்.
இருபத்துநாலு என்றேன்.
பதினெட்டில் நின்றோம், மீன் சந்தைபோல.

பிறகு பதினேழு.
'விலகியவரின் அனுமதிகள் உரிய காலத்தில் நீக்கப்படும்.'
உரிய காலம்!
டெரெக் போய் நான்கு வருடம்.
போன மார்கழியில் ஒரு ஞாயிறு, விடியப்புறம் மூன்று மணிக்கு
அவன் பெயர் உள்ளே வந்து போயிருந்தது.
கேட்டேன். அவன் அந்நேரம் நித்திரை.
அவனுடைய திறப்பு நித்திரை கொள்ளவில்லை.
(கணக்குப் பகுதித் தாம்பரத்துக்காரர் சாவி என்பார்.
எங்களுக்குத் திறப்பு.
பூட்டுவதற்கும் அதே திறப்புத்தான்.)

ஆகவே எழுதினேன்:
'கடைசி வேலைநாள், மாலை ஐந்து மணி.
ஒரு நிமிடமும் பிந்தாமல். எவராயினும்.
அனுமதி இல்லாதவருக்கு இன்னொருவர் கதவு திறக்கலாகாது.'
'எவராயினும்' கீழே கோடிட்டேன்.
என்னை நினைத்தல்ல.
கொஞ்சம் நினைத்தும்தான்.

வெள்ளிக்கிழமை ஐந்து மூன்றுக்கு
காருக்குப் பக்கத்தில் நின்று கைகளைப் பார்த்தேன்.
கையுறை மேசையில்.
திரும்பி நடந்து அட்டையை வைத்தேன். சிவப்பு.
மறுபக்கம் திருப்பி வைத்தேன். சிவப்பு, அதே மரியாதையோடு.

கண்ணாடிக்கு அப்பால் ரொம்மெல்.
ஏழு வருடம் என்னோடு மதியச் சோறு தின்றவன்.
கதவுக் கம்பியில் கை வைத்தான்.
எடுத்தான்.
இல்லை என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்
கையுறைகளைக் கொண்டுவந்து
பார்சல் வாங்கும் சின்ன ஜன்னலால் நீட்டினான்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
பேசியிருந்தால் சொல் அந்தரத்தில் உறைந்திருக்கும்.

விறைத்த விரலால் கழுத்துப் பட்டியைக் கழற்றி
அட்டையை அதே ஜன்னலால் உள்ளே போட்டேன்.
அட்டையைத் திருப்பி வாங்கவேண்டும் என்று
பதினேழில் நான் எழுதவில்லை.
திங்கட்கிழமை பிரென்டுக்குச் சொல்லவேண்டும்.