அசுரர் கூட்டத்தில் இடமிருந்து நான்காவது

விஜயதசமி மதியம்.
தொலைக்காட்சியில் அந்தப் பழைய பக்திப் படம்
ஏழாவது முறையோ எட்டாவது முறையோ.
குடும்பத்தோடு கண்டுகளியுங்கள்
என்கிறது அடியில் ஓடும் எழுத்து.
குடும்பத்தோடுதான் இருக்கிறோம்:
நான், ஜெசிந்தா, மகள் இலக்கியா,
படத்துக்குள் என் அப்பா.

அசுரர் கூட்டத்தில் இடமிருந்து நான்காவது.
சோணமுத்து.
பெயர்ப்பட்டியலில் இல்லை.
யானை கொடுத்தவருக்குக்கூட அதில் நன்றி இருக்கிறது.

கீழக்குயில்குடி சமணர் மலையடியில் எடுத்தார்கள்.
காலனி முக்கில் லாரி வந்து நின்று
"கருத்த ஆளா முப்பது பேர்" கேட்டதாம்.
ஒப்பனைக்காரர் அப்பாவை ஒருமுறை சுற்றி வந்து
டப்பாவை மூடிவிட்டார்.
"உனக்கு எதுக்குய்யா,
சாமியே பூசி அனுப்பியிருக்கு."
எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும்.
கொம்பு மட்டும் ஒட்டினார்கள்.
பசை பட்ட இடம் ஒரு வாரம் அரித்தது.

ரோஸ் பவுடரில் வருகிறார் சிவன்.
ரோஸ் பவுடரில் வருகிறாள் அம்மன்.
"மீனாட்சி பச்சைதானே, ஏம்ப்பா இப்படி?"
அப்பல்லாம் கருப்பு வெள்ளை என்று ஆரம்பித்து
நிறுத்திக்கொள்கிறேன்.
இது கலர்ப் படம்.
தோளில் இருக்கும் கிளிக்குப் பச்சை கிடைத்திருக்கிறது.

பதினெட்டாம்படிக்கு முன்னால்
பொய் சொல்ல நாக்கு எழாத ஊர்.
ஆற்றில் இறங்குகிறவர் என்ன நிறத்தில் பட்டு உடுத்தினார் என்று
அந்த வருஷத்து வெள்ளாமையைக் கணிக்கிற ஊர்.
மரகதத்தையும் மையையும் கும்பிட்ட கையோடு
கொட்டகைக்குள் செருப்பைக் கழற்றி
ரோஜா நிறத்துக்குச் சூடம் காட்டியிருக்கிறது.

முனிவர்களில் ஒருவர் ரஹமத்துல்லா ராவுத்தர்.
கோரிப்பாளையத்தில் குடை ரிப்பேர்.
தாடி அவருடையதே;
ஒட்டுத்தாடிச் செலவு மிச்சம் என்று சேர்த்துக்கொண்டார்களாம்.
ருத்திராட்சம் போட்டு வேள்வியில் நெய் வார்க்கிறார்.
லுஹருக்கு நேரம் கேட்டார், இயக்குநர் கொடுத்தார்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பா மூன்று முறை சாகிறார்.
ஆள் போதவில்லை.
வலப்பக்கம் சூலம் பட்டு விழுந்தவர்
கொம்பைச் சரிசெய்துகொண்டு
இடப்பக்கம் வந்து விழுகிறார்.
மூன்றாவது நன்றாக வந்திருக்கிறது.
திருப்பரங்குன்றம் கொட்டகையில்
அந்த இடத்தில் அக்கா கைதட்டினாள்,
சனம் பூராவும் தட்டியது,
மணலில் எங்களோடு உட்கார்ந்திருந்த
அப்பாவும் தட்டினார்.

கல்லூரியில் படிக்கும்போது சண்டை போட்டேன்.
நம்மளை அசுரன்னு காட்டுறதுக்கு
நீங்களே ஏன் லாரி ஏறிப் போனீங்க?
பீடியை அணைக்காமல் சொன்னார்:
"தேவலோகத்து ஆளுக பொழுதன்னைக்கும் சரிகையைச் சுத்திக்கிட்டு
வெயில்ல நின்டு செத்தாய்ங்க.
நாங்க பத்து மணிக்கே செத்துட்டு
பனை நிழல்ல தூங்குனோம்."

பொட்டலச் சோறு வந்தபோது
அந்த நிழலும் இரண்டாகப் பிரிந்ததை
வேறொரு நாள், வேறு ஏதோ பேச்சில் சொன்னார்.

திருக்கல்யாணம்.
செத்தவரையே பல்லக்குக்கும் பிடித்திருக்கிறார்கள்.
தூக்கிகளுக்கு முகம் கிடையாது,
சட்டகம் தோளோடு முடிந்துவிடுகிறது.
அம்மை குத்திய தழும்பை வைத்து
ஜெசிந்தாதான் முதலில் கண்டுபிடித்தாள்,
கல்யாணமான புதிதில்.
"மாமா" என்று திரையைத் தொட்டாள்.

மலையடியில் கருப்பன் கோயில் உண்டு.
தெரியக்கூடாதென்று முன்னால் துணி கட்டி
அதில் கைலாயம் வரைந்திருந்தார்கள்.
இறைவன் ஆசி வழங்கும் நேரம் ஒரு காற்று.
பனிமலை ஓரமாகத் தூக்கிக்கொள்ள
பின்னால் ஓர் அரிவாள்,
ஒரு குதிரையின் குளம்பு.
யாரும் கவனிக்கவில்லையோ,
மறுபடி எடுக்க ஃபிலிம் இல்லையோ,
வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

போன வருஷம் தவறவிட்ட இலக்கியா
கைபேசியோடு திரைக்கு முன்னால் மண்டியிட்டிருக்கிறாள்.
வந்தது காற்று.
அதே நொடியில் கீழேயிருந்து எழும்பிய
நகைக்கடை விளம்பரம்
குளம்பை மறைத்துவிட்டது.

அரிவாள் மட்டும் கிடைத்திருக்கிறது,
கொஞ்சம் கலங்கலாக.