அண்ணாந்து

முதல் தடவை பதினாலு நாள்.
காலையில் நாலு மாத்திரை, ராத்திரி நாலு.
எந்நேரமும் நாக்கில்
துருப்பிடித்த நங்கூரத்தை நக்கியது போல ஒரு ருசி.
குழம்பில் உப்பு இல்லையா என்று இன்னாசி கேட்டார்.
உப்பு இருந்தது. எனக்குத்தான் வாய் இல்லை.

பிறகு மதுரையில்
ஒரு பையைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள்.
முக்குளித்துப் பழகிய மூச்சு,
ஒரே ஊதில் பை நிறைந்துவிட்டது.
அதைப் படித்துப் பார்த்து
"இல்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள்.
அந்த ஒரு சொல்லுக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.
பாம்பன் பாலம் வந்ததும்
ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்து மறுபடி பார்த்தேன்.
இல்லை என்றுதான் இருந்தது.

அன்றைக்கு நண்டு வாங்கினேன். மிளகு தாராளம்.
வயிறு என்று ஒன்று இருப்பதையே
பதினாறு மாதம் மறந்திருந்தேன்.

கச்சான் ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை,
விடியாத நேரம்,
நெஞ்சுக்குக் கீழே, அதே இடத்தில்,
யாரோ பீடியை அழுத்தி அணைத்தார்கள்.
தெரிந்த கைதான்.

"பழையது ஒளிந்திருந்து வந்ததா
புதிதாக ஏறியதா, சொல்ல முடியாது பெல்சியா.
இத்தனை மாதம் கழித்து என்றால்
புதிதாகத்தான் இருக்கும்.
தண்ணீர் எங்கே எடுக்கிறாய்?
யாரோடு சாப்பிடுகிறாய்?"
ராமநாதபுரம் டாக்டரம்மா
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.
நான் யாரைக் காட்டிக்கொடுப்பது?

மணலில் தோண்டிய ஊற்றையா,
அதில் சிரட்டை விட்டு மோளும் அத்தனை கைகளையுமா?
கடித்த கொய்யாவை
என் வாயில் திணிக்கும் பிரின்சியையா?
இருபது வருசமாக ஒரே தட்டில் கைவைக்கும் இன்னாசியையா?
அவர் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டே
"எனக்கு ஒண்ணும் வலிக்கலையே" என்பார்.
வலிக்காதவரிடமும் அது குடியிருக்கும் என்று
டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன்.
"ஊருக்குள்ள சொல்லிவச்சிராத" என்றார்.

கேனைப் பற்றி நான் பேனாவிடம் சொல்லவில்லை.

வல்லத்தில் பதினோரு பெண்கள், ஒரு நீலக் கேன்.
விரலில் துணி சுற்றி, பாதத்தில் தகடு கட்டி
கஞ்சிப்பாசி அறுத்து மேலே ஏறும்போது
தொண்டையில் உப்பு காய்ந்திருக்கும்.
கல்யாண வீட்டில் எங்களில் எவளும்
டம்ளரை உதட்டில் வைக்கமாட்டாள்.
வல்லம் ஆடுகையில் அண்ணாந்தால்
பாதி கழுத்துக்குப் போகும்.
குடம் பத்து ரூபாய்த் தண்ணீர் அது.

"இல்லை" வாங்கி வந்த புதிதில்
மூன்று மாதம் தனிப் பாட்டில் கொண்டுபோனேன்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
நான் ஏறுவதற்கு நீளும் கை மட்டும்
ஒருநாள் கொஞ்சம் தாமதமாக நீண்டது.
மறுநாள் பாட்டிலை மறந்துவிட்டேன், அல்லது
மறந்துவிட்டேன் என்று சொன்னேன்.
சவேரியாள் கேனைத் துடைக்காமல் நீட்டினாள்.
நானும் துடைக்காமல் குடித்தேன்.

அன்றைக்கு ஏறியிருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

பதினோரு பேரும் பை ஊத
இருபத்தாறாயிரத்து நானூறு.
கிலோ எழுபது என்றால்
முந்நூற்றெழுபத்தேழு கிலோ பாசி.
கணக்கை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை வேறு மாத்திரை.
மலம் கறுக்கும், பயப்படாதே என்றார்.
ஒரு நாளைக்கு நாலு வேளை.
மதிய வேளை கடலில்தான்.

மூன்றாம் நாள், என் பாட்டில்
பதினொரு மணிக்கே தீர்ந்தது.
நிஜமாகவே தீர்ந்தது.
உள்ளங்கையில் மாத்திரை வியர்க்கிறது.
கேன் கைமாறிக் கைமாறி வருகிறது.

"எனக்கு வயித்துல கிருமி" என்றேன்.
"ஒருத்தர் வாயிலிருந்து ஒருத்தருக்குப் போகும்.
உங்களுக்கும் இருக்கலாம்."
யாரோ தும்மினாள். அலை வந்து போனது.
"இருந்தா இருக்கட்டும்,
இப்ப நீ எப்படிக் குடிப்ப?" என்றாள் சவேரியாள்.

அண்ணாந்தேன். வல்லம் சரிந்தது.
முதல் மடக்கு முழுக்கக் கழுத்தில்.
பத்துப் பேர் கண்ணும்
வழிகிற தண்ணீர் மேல்.

அவள் எழுந்து பின்னால் வந்து
என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து
பலகையில் காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள்.
"ம். குடி."

பாதி அப்போதும் சிந்தியது.
மாத்திரை இறங்கியது.