வரவுப் பதிவு

மாலை ஆறரைக்கு வரும் அந்த அழைப்பு.
பள்ளிக்கூடத்தின் இயந்திரக் குரல்.
வீட்டு மொழி தமிழ் என்று
எப்போதோ ஒரு படிவத்தில் எழுதியிருக்கிறோம்.
"உங்கள் பிள்ளை இன்று
இரண்டாம், நான்காம் பாடவேளைகளுக்குச்
சமூகமளிக்கவில்லை."

ஒன்றரை வருசம் நான்தான் அதை எடுத்தேன்.
அம்மாவுக்குப் பாண் தொழிற்சாலையில் பின்னேர வேலை.
அந்தப் பெண் 'சமூகமளிக்க' என்பதில் கொஞ்சம் இழுப்பாள்.
நன்றி சொல்லி வைத்த நாட்களும் உண்டு,
அவ்வளவு போதை.

விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை.
தங்கச்சி பின்னக் கணக்கோடு வந்தாள்.
கீழெண்ணைப் பார்ப்பதற்குள்
மேலெண்ணை மறந்துபோனேன்.
மூன்று தரம்.
அவள் கொப்பியை மெதுவாக மூடி
"பரவாயில்லை அண்ணா" என்றாள்.
ஐந்தாம் வகுப்பு.

மூன்றாம் இரவு தலையணை உறையைப் பிழியலாம்.
ஐந்தாம் நாள் சோறு வாயில் பஞ்சு.
ஒன்பதாம் நாள் கனவுகள் திரும்பி வந்தன,
கடன் கொடுத்தவர்கள் மாதிரி
எல்லோரும் ஒரே இரவில்.

நீல்சன் வீதியில்
ஐஸ் ஹொக்கி அரங்கின் பின்பக்கம்
கிருஷாந்தும் டில்ரோயும் இன்னும் நிற்கிறார்கள்.
நல்ல பெடியள்.
அந்த மணத்துக்குப் பயந்து
முழு மைதானத்தையும் சுற்றி வருகிறேன்,
முழங்கால் பனியில்.
அதற்காகவே இருபது நிமிடம் முந்தி வெளிக்கிடுகிறேன்.

பரவளைவுக்கு ஒரு உச்சி உண்டாம்.
வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
சோதனையில் முப்பத்தெட்டு.
முன்பு முப்பத்தொன்று.
ஆனால் இது
எங்கே பிழைத்தேன் என்று தெரிகிற முப்பத்தெட்டு.

இருபத்துமூன்றாம் நாள்
அம்மாவுக்கு லீவு.
ஆறரைக்குப் போன் அடித்தது,
அவள்தான் எடுத்தாள்.
நான்காம் பாடவேளை. சமூகமளிக்கவில்லை.

"இருந்தனான் அம்மா."
"முந்தியும் இப்பிடித்தான் சொன்னனீ."

இருந்தேன்.
யன்னலோரம், இரண்டாம் வரிசை,
பென்சில் கூர் உடைந்து
பக்கத்துப் பிள்ளையிடம் கடன் வாங்கினேன்.
பொய் சொன்ன நாளெல்லாம் சரளமாக வந்த வாய்
உண்மைக்குத் திக்கியது.
கொப்பியை எடுத்து வைத்தேன்.
அம்மா கணக்கைப் பார்க்கவில்லை.
மூலையில் இருந்த திகதியைப் பார்த்தாள்,
நாட்காட்டியைப் பார்த்தாள்,
பிறகு சோறு போட்டாள்.

மறுநாள் திருத்தப் படிவத்தோடு போனேன்.
கோவல்ஸ்கி சேர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி
என்னை, கதிரையை, திரும்ப என்னைப் பார்த்தார்.
"மன்னிக்கவேணும். உன் பெயர் வந்தால்
நிமிராமலே போட்டுவிடுவேன்.
கை பழகிவிட்டது."

கை பழகுவது பற்றி
எனக்கா தெரியாது?
ஜாக்கெட்டின் இடது பைக்குள்
லைட்டர் இருந்த இடத்தை
இப்போதும் ஒரு விரல் தடவிக்கொண்டிருந்தது.

அவர் கையெழுத்துப் போட்டார்.
நான்காம் பாடவேளைக்கு மணி அடித்தது.