பதினேழாவது வண்டி

ஜுபைலில் ஆகஸ்ட்.
இரவு பதினொன்றுக்கு மேல்தான் கான்கிரீட்.
பகலில் போட்டால்
பம்ப் குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும்.

ஐந்நூற்று இருபது கன மீட்டர்,
அறுபத்தைந்து வண்டி,
விடிவதற்குள் முடி என்றது மெயில்.
மெயிலுக்கு வியர்ப்பதில்லை.

வண்டி வந்ததும் சீட்டில் மணி பார்ப்பேன்.
பிளாண்டை விட்டுத் தொண்ணூறு நிமிடம் தாண்டியிருக்கக் கூடாது.
வெப்பமானியைச் செருகுவேன்.
கூம்பில் மூன்று அடுக்கு, அடுக்குக்கு இருபத்தைந்து குத்து;
மெல்லத் தூக்கினால்
குவியல் உட்காருகிற விதத்திலேயே தெரியும்
ஐஸ் போடுகிறவன் இன்றைக்குத் தூங்கினானா என்று.

பதினேழாவது வண்டி முப்பத்தைந்து டிகிரி.
அனுமதி முப்பத்திரண்டு.
சாவடியில் நாற்பது நிமிடம் நிறுத்திவிட்டார்கள் என்றான் குல் ஜமான்.
சொல்லும்போதே அவன் கை ஹோஸ் பக்கம் போனது.
கொஞ்சம் தண்ணீர் விட்டால் இளகும்.
இளகும்தான்.
இருபத்தெட்டாம் நாள் கியூபை அழுத்தும்போது
அந்தத் தண்ணீர் வாய் திறக்கும்.

திருப்பி அனுப்பினேன்.
ஒரு டிரிப் பணம் போயிற்று அவனுக்கு.
பஷ்தோவில் திட்டினான். எனக்கு முழுதும் புரிந்தது.

மேலே ஞானதிரவியம்
வைப்ரேட்டரைத் தோளில் போட்டபடி கத்தினான்:
"அடுத்த வண்டி எங்கண்ணே? ஓரம் இறுகுது!"
இறுகின ஓரத்தில் புதியது ஒட்டாது.
தளம் ஒன்று போலத் தெரியும், உள்ளே இரண்டாக இருக்கும்.

அப்போது கீழே விசில்.

தில் பகதூருக்கு அன்று ஒரே வேலை:
முட்டுக் காட்டுக்கு வெளியே நின்று
டார்ச் அடித்து நூலைப் பார்த்துக்கொண்டிருப்பது.
நூல் ஒரு விரல் இறங்கியிருந்தது.
அவன் யாரிடமும் கேட்கவில்லை, ஊதிவிட்டான்.

பம்ப் நின்றது. இருபத்திரண்டு பேர் இறங்கினோம்.
இவ்வளவு அமைதியாக அந்த சைட்டை நான் கேட்டதில்லை.
பகலில் யாரோ வண்டி கழுவிய தண்ணீர் ஓடிவந்து
ஒரு முட்டின் அடிப்பலகையை மணலுக்குள் இழுத்திருந்தது.
பக்கத்தில் நான்கு முட்டு, புதுப் பலகை, ஜாக்கி.
முப்பத்தெட்டு நிமிடம்.
ஹொஸ்னி சார் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

அடுத்து கொட்ட வேண்டிய இடம் அந்த முட்டின் மேல்தான்.
பதினேழாவது வண்டி என்றால் பத்தொன்பது டன்.
நான் அதை நினைத்துத் திருப்பி அனுப்பவில்லை.
சூடு மூன்று டிகிரி அதிகம், அவ்வளவுதான்.
பாராட்ட வந்தவர்களிடமும் இதையே சொன்னேன்;
அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இறுகிய ஓரத்தைக் கொத்தி, சுரண்டி, ஈரப்படுத்தி,
மறுபடி தொடங்கினோம்.
ஏழு பத்துக்குச் சூரியன் எங்களுக்கு மேல் இருந்தது.
அறிக்கையில், தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
ஒரு சொல்லுக்குத்தான் இடம்.
'நூல்' என்று எழுதினேன்.

கடைசி வண்டி குல் ஜமானுடையது.
இருபத்தொன்பது டிகிரி.
முகத்தைத் திருப்பிக்கொண்டு சீட்டை நீட்டினான்.
கையெழுத்துப் போட்டேன்.