மாதிரி: முப்பத்தைந்து

விடிய ஐந்தேமுக்கால். முகம் பிடிபடாத இருட்டு.
முதற் பாதை மண்டூர்த் துறையை விட்டு
வாவிக்குள் அசைந்து இறங்கியது.
என்னோடு இரண்டு மோட்டார் சைக்கிள்,
கான்களோடு பால்காரர்,
சந்தைக்குப் போகும் ஒரு பெரிய கட்டு அகத்திக்கீரை.
கைப்பைக்குள் பென்டிரைவ் இருக்கிறதா என்று
மூன்றாம் தரமும் தொட்டுப் பார்த்தேன்.
பதினைந்து நிமிடம் பேசப்
பதினான்கு மாதம்.

ஒலுவிலில் இறங்க வெயில் ஏறிவிட்டது.
கடற்காற்று பதாகையின் ஒரு முனையை அவிழ்த்திருந்தது.
'கல்வி ஆய்வு மாநா' வரைக்கும் விறைப்பாய் நின்றது,
மிச்சம் படபடத்தது.
கழுத்தில் அட்டை மாட்டினார்கள்.
தவயோகினியில் 'வ' இல்லை.
பரவாயில்லை என்றேன்.
அன்று முழுக்கத் தயோகினியாய் நடமாடினேன்.

என் தலைப்பு நீளம்:
படுவான்கரைப் பாடசாலை ஒன்றில்
தரம் ஒன்பது மாணவரின் வரவொழுங்கின்மையும்
கணித அடைவும்.
சொல்லி முடிக்கவே மூச்சு வாங்கியது.
திரையில் எழுத்துரு உடைந்து
தமிழெல்லாம் பெட்டி பெட்டியாய்ப் போக,
வெண்கட்டி தீர்ந்த நாளில் வகுப்பில் செய்வதுபோல்
காற்றில் கீறிக் கீறிச் சொன்னேன்.
குரல் நடுங்கவில்லை.
கால் நடுங்கியதை மேசை மறைத்தது.

கேள்விகள் வந்தன.
அட்டவணை நான்கில் தசமதானம் ஏன் மூன்று?
உசாத்துணையில் ஆண்டு எங்கே?
நல்ல முயற்சி என்றார் ஒருவர், கேள்வியே இல்லாமல்.
எல்லாவற்றுக்கும் ஒரே விடை வைத்திருந்தேன்:
மிக்க நன்றி, கவனத்தில் எடுக்கிறேன்.

தேநீர் இடைவேளை. றோல்ஸ் ஆறிக் கிடந்தது.
ஒலிவாங்கி சுமந்து வரிசை வரிசையாய் ஓடிய பிள்ளை,
இரண்டாம் வருடம், நிந்தவூர், பெயர் ஹிமாறா,
பிளேன்டியை நீட்டிக்கொண்டு கேட்டாள்:
"இடாப்பில நாப்பத்திரண்டு பேர் எண்டீங்க மிஸ்.
மாதிரி முப்பத்தஞ்சு.
மத்த ஏழு பேரும் எங்க?"

"வரவு முப்பது வீதத்துக்குக் கீழ.
சோதினையும் எழுதல்ல.
தரவு காணாது. நீக்கிட்டன்."

"வராத புள்ளயளப் பத்தின ஆய்வுதானே மிஸ் இது?"

குத்திக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு
ஒலிவாங்கிக்குப் பற்றரி மாற்ற ஓடிவிட்டாள்.

பின்னேரம் மூன்று அமர்வுகள் கேட்டேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
சான்றிதழில் பெயர் சரியாக இருந்தது.

கல்முனை பஸ்ஸில், நிகழ்ச்சிநிரலின் பின்பக்கத்தில்
எழுதத் தொடங்கினேன்.
கோகுலவதன்: இரவில் வயற்காவல், யானை. விடிந்தால் நித்திரை.
டிலுக்சிகா: தாய் குவைத்தில். தம்பிக்கு இரண்டு வயது.
வினோபன்: செங்கல் வாடி, அல்லது
செங்கல் வாடி என்று யாரோ சொன்னது.
பேனை தடுமாறியது.
நான்காமவனுக்கு இடது புருவத்தில் தழும்பு.
வந்த நாட்களில் யன்னலோரம் இருப்பான்.
பெயர் வரவில்லை.
ஒவ்வொரு காலையும் அந்தப் பெயருக்கு நேரே
சிவப்புச் சைபர் போட்ட கைதான் இது.

களுவாஞ்சிகுடி தாண்ட மேற்பார்வையாளரின் செய்தி:
வாழ்த்துக்கள். அடுத்த மாதம் சமர்ப்பிக்கலாம்.
'இன்னும் ஆறு மாதம் வேணும் சேர்' என்று எழுதி,
அழித்து,
திரும்ப எழுதி அனுப்பினேன்.
படிப்பு லீவும் முடிகிறது, கடனும் இருக்கிறது.

கடைசிப் பாதையை ஓடிப் பிடித்தேன்.
காலையில் வந்த பால்காரர். வெற்றுக் கான்கள்
ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.
நடு வாவியில் பெயர் வந்தது:
நிருசாந்தன்.
அவன் வீடு எந்த ஒழுங்கை என்று கேட்டேன்.
அன்று நான் கேட்ட முதற் கேள்வி.

"புருவத்தில வெட்டுள்ள பொடியனா?
காலம்பற உங்களுக்குப் பக்கத்திலதானே நிண்டான்,
கீரைக்கட்டோட.
நீங்க காணல்லியா டீச்சர்?"